துரைக்குத் தமிழ் கொடுத்தவள்

சிப்பித்துறைக்காரர்களுக்கு ஒருவரைப் பிடித்துவிட்டால் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். இறக்கி வைக்க மட்டும் தெரியாது. அப்படி இருநூறு வருஷமாக அவர்கள் தலைமேல் உட்கார்ந்திருந்தவர் எட்வின் ஹார்க்னஸ் என்கிற வெள்ளைக்காரப் பொறியாளர். ஊர் வாயில் அவர் அர்க்கன் துரை. அர்க்கன் என்றால் சூரியன், நமக்கு வெளிச்சம் கொண்டுவந்த சூரியன் என்று யாரோ ஒரு தமிழாசிரியர் விளக்கம் வேறு சொல்லி வைத்துவிட்டார். அப்புறம் கேட்க வேண்டுமா? கடற்கரையில் அர்க்கன் சிலை, ஆட்டோ ஸ்டாண்டுக்கு அர்க்கன் பெயர், ஐஸ் கம்பெனிக்கு அர்க்கன் பெயர், வீட்டுக்கு ஒரு பிள்ளைக்கும் ஹார்க்னஸ் பர்னாந்து, ஹார்க்னஸ் மச்சாது என்று அதே பெயர்.

துரை செய்த காரியம், கடலுக்குள் இருக்கும் பாறைத்திட்டில் ஒரு கலங்கரை விளக்கம் கட்டியது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ ஆட்கள் வந்து அதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அரசாங்கக் காலண்டரில் வராத வருஷம் கிடையாது. விளக்கு அழகுதான், அதில் சண்டை இல்லை. ஆனால் பிரகாசிக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும்.

எரிந்ததற்குக் காரணம் விளக்கின் அடியில் இருந்த கல்வெட்டு. ‘உறவினர் கோழைத்தனத்தால் கயிற்றைக் கைவிட, உயிர்நீத்த குளியாட்களின் நினைவாக’ என்று துரையே வெட்டி வைத்தது. இங்கிலீஷிலும் தமிழிலும் இருந்தது.

முத்துக் குளித்த காலத்தில் இந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. முத்தெடுக்கும் குளியாள் கடலில் இறங்கினால் அவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனை படகில் மச்சான் கையில் இருக்கும். மச்சான் என்றால் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். சொந்த அண்ணன் தம்பி கையில்கூடக் கொடுக்க மாட்டார்கள். தன் தங்கச்சியின் தாலி தன் கையில் இருக்கிறது என்று நினைக்கிறவன்தான் கண்ணிமைக்காமல் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பான். கீழேயிருந்து ஒரு சுண்டு வந்தால் போதும், கை கிழிந்தாலும் இழுத்து மேலே போட்டுவிடுவான்.

விளக்குக்குக் கடலடியில் அடித்தளக் கல் பதிக்க துரை இந்தக் குளியாட்களைத்தான் பிடித்துப் போட்டார். கச்சான் காற்று வெறிபிடித்து அடித்த ஒரு காலையில், ஒரு படகின் குளியாட்கள் மொத்தமும் கீழே போனார்கள், வரவில்லை. மச்சான்மார்கள் பயந்துபோய்க் கயிற்றை விட்டுவிட்டார்கள் என்று துரை எழுதினார், கல்லிலும் வெட்டினார். அந்தப் பழி தாங்காமல் கயிறு பிடிக்கும் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கொழும்புக்குக் கப்பலேறிவிட்டன. ஒரே ஒரு ஆள் மட்டும் போகவில்லை. தொம்மை என்று பெயர். பிரகாசியின் பூட்டனுக்குப் பூட்டன்.

தொம்மை சாகிறவரை ஒரே பேச்சுத்தான் பேசினார். “நாங்க கயிறே புடிக்கல. துரை எங்கள படகுல இருந்து இறக்கிட்டு, கடலே பாக்காத கூலிக்காரன ஏத்துனான். சுண்டுனா இழுக்காத, விசில் ஊதுனா இழுன்னு சொல்லிக் குடுத்தான். எங்க மச்சான் சாவும்போது நான் கரையில நின்னு கத்திக்கிட்டுக் கெடந்தேன்.” யார் நம்பினார்கள்? துரை பொய் சொல்வாரா, அதுவும் கல்லில் வெட்டிப் பொய் சொல்வாரா என்றார்கள். ‘கயிறு விட்ட வீடு’ என்ற பெயர் ஏழு தலைமுறைக்கு நின்றது. பிரகாசியின் அப்பாவுக்குக் கடல் தொழில் அத்தனையும் அத்துப்படி. ஆனால் அவரை ஒரு படகிலும் ஏற்ற மாட்டார்கள். கரையில் ஐஸ் உடைத்தே அவர் காலம் போயிற்று.

கடைசியில் பிரகாசியின் தம்பி லாசரின் கல்யாணப் பேச்சில் வந்து அந்தப் பெயர் மறுபடியும் கொத்தியது. பெண் ஸ்டெல்லா. அவளுடைய அப்பா கொர்னேல், துரை விழாக் கமிட்டித் தலைவர். அன்றைக்குக் கடலுக்குள் போன சந்தியாகுவின் வழிவந்தவர். அந்தச் சந்தியாகுவுக்குக் கயிறு பிடிக்க வேண்டிய மச்சான்தான் தொம்மை. பேச்செல்லாம் முடிந்து தேதி பார்க்கும் நேரத்தில் கொர்னேல் கையை விரித்துவிட்டார்.

“லாசரு தங்கமான பையன். நான் இல்லன்னா சொன்னேன்? ஆனா எங்க தாத்தாவக் கடலுக்குள்ள விட்ட வீட்டுல என் பொண்ண எப்படிக் குடுக்கச் சொல்லுதிய?”

அப்பா எழுந்தார். வாசலில் செருப்பு மாட்டக்கூட மறந்து வெறுங்காலோடு வீடு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு அவர் அதிக காலம் இருக்கவில்லை. பிரகாசி அழவில்லை. கறுவிக்கொண்டாள். கொர்னேல்மேல் அல்ல, கொர்னேல் வாயில் அந்தப் பேச்சைப் போட்டவன்மேல். செத்து மண்ணாகிப் போனவனை என்ன செய்துவிட முடியும் என்று நீங்கள் கேட்கலாம். பிரகாசி பார்த்த வேலை அப்படிப்பட்டது.

சென்னையில் அவள் வேலை பார்த்த ஆய்வகத்தில் மீளுரு செய்தார்கள். செத்துப்போன ஒருவர் எழுதியது, வரைந்தது, ஏசியது, அடித்துத் திருத்தியது எல்லாவற்றையும் கணினிக்குக் கொடுத்தால், அவரைப் போலவே யோசித்துப் பேசுகிற ஓர் உருவம் வந்து நிற்கும். அந்த வருஷம்தான் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது. வெளிநாட்டார் பெயரில் இருக்கிற நினைவுச்சின்னம் எதுவானாலும் அந்தந்த ஊரார் கூடி விவாதித்து, பெயர் இருக்கலாமா போகலாமா என்று வாக்களிக்க வேண்டும். சம்பந்தப்பட்ட ஆளின் மீளுருவை விவாதத்துக்குக் கூப்பிடவும் செய்யலாம். பிரகாசி விண்ணப்பம் போட்டுவிட்டு ஹார்க்னஸ் எழுதிய தாள் ஒன்றுவிடாமல் லண்டனிலிருந்து வரவழைத்தாள்.

கூட வேலை பார்த்தவள் மைமூன், காயல் பக்கத்துப் பெண். அவளிடம் பிரகாசி நேராகவே கேட்டாள்.

“எழுதுனதே பொய்யா இருந்தா, உருவமும் பொய்தானே சொல்லும்?”

“பொய் எழுதுறவன் அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் வேற மாதிரி எழுதுவான் புள்ள. நீட்டி முழக்குவான், இல்லாட்டி அவசரமா தாண்டிருவான். இது அதப் புடிச்சிரும். பொய்க்கு அடியில என்ன இருந்திருக்கும்னு கட்டிக்கிடும். நேராக் கேட்டா மறைக்காது.”

“நாம ஏதாவது சொல்லிக் குடுக்க முடியுமா?”

“நெனப்பே வேணாம். விவாதத்துக்குப் போற உருவத்துக்கு சீல் வச்சிருவாங்க. என்ன பேசும்கிறது அதோட இஷ்டம். எந்த மொழியில பேசும்கிறது மட்டும் செஞ்சவ இஷ்டம். இங்கிலீஷ்லயே விட்டுரேன், அதான் சுத்தம்.”

“விட மாட்டேன்” என்றாள் பிரகாசி. “நான் ஏசுற ஒவ்வொரு ஏச்சும் அவனுக்கு உறைக்கணும். அவன் வாயால ஒத்துக்கிடுறது எங்க ஊர்ல மீன் விக்கிறவளுக்கும் விளங்கணும். தமிழ் குடு.”

ஆய்வகத்தில் இருந்த தமிழைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரயில்வே அறிவிப்பு மாதிரி இருந்தது, ஊரில் ஒருத்தன் காது கொடுக்க மாட்டான். பிரகாசியிடம் வேறொன்று இருந்தது. அவள் சென்னைக்கு வந்த நாளிலிருந்து அப்பா போனில் பேசிப் பேசி அனுப்பிய குரல் செய்திகள். சாப்பாட்டில் தொடங்கி, காற்று, மீன் விலை, செத்தவர்கள், பிறந்தவர்கள் என்று ஊரையே அளந்து, ஒவ்வொருவரையும் முறை வைத்துக் கூப்பிட்டு அவர் பேசியது மணிக்கணக்கில் கிடந்தது. அவள் அத்தனையையும் ஊற்றினாள். குரல் துரைக்கென்று கணினியே கட்டியது. பேச்சு அப்பாவுடையது. ஒத்திகை பார்க்க வந்த லாசர் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டான். எதிரியின் வாய்க்குள் அப்பாவைக் கொண்டுபோய் வைக்கிறோமே என்று பிரகாசிக்கு அப்போது தோன்றவே இல்லை. கோபம் கண்ணை மறைத்தால் எதுதான் தெரியும்?

விளக்கு ஏற்றிய நாள் விழாவில், கடற்கரையில், சாயங்காலம் பட்டிமன்றம். சட்டம் விவாதம் என்றுதான் சொன்னது, சிப்பித்துறைக்குத் தெரிந்த விவாதம் பட்டிமன்றம்தான். ‘சிப்பித்துறை விளக்கு துரையின் கொடையா, குளியாட்களின் உயிரா?’ துரை அணிக்குக் கொர்னேல், குளியாட்கள் அணிக்குப் பிரகாசி. நடுவர், ஓய்வு பெற்ற ஆங்கிலப் பேராசிரியர் தாணுமாலயன். ஜோக்குச் சொல்லிக்கொண்டே தீர்ப்பை எந்தப் பக்கமும் சாய்த்துவிடுகிற மனுஷன். முடிவில் ஊரார் போனில் வாக்களிக்க வேண்டும். ஊரே மணலில் உட்கார்ந்திருந்தது.

மேடையில் வெளிச்சம் கூடி ஆள் ஆயிற்று. தாடி, மடித்துவிட்ட சட்டைக் கை, கையில் தொப்பி. பிரகாசி மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். துரை கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார்.

“எல்லாரும் சாப்ட்டியளா மக்கா?”

போயிற்று. அந்த ஒரு கேள்வியிலேயே எல்லாம் போயிற்று. வெள்ளைக்காரன் ஒருவன் கோணல்மாணலாக ‘வணக்கம்’ சொன்னாலே பல்லெல்லாம் தெரியச் சிரித்து மாலையைத் தேடுகிற சனம் நாம். இவர் என்னடாவென்றால் ஐஸ் கம்பெனி வாசலில் நின்று பேசுகிற மாதிரி பேசுகிறார். விசில் பறந்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கொர்னேல் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கும்பிட்டார். நடுவர், “நல்லாக் கேட்டியள் துரை, இந்தக் கேள்விய என் வீட்டுலகூட யாரும் கேக்கல” என்று ஒரு போடு போட்டார். கரையே அதிர்ந்தது.

பிரகாசி விடவில்லை. ஏழு தலைமுறை சேர்த்து வைத்ததை எடுத்துக் கொட்டினாள்.

“கடலு எங்க கடலு. கல்லு எங்க கல்லு. மூச்சப் புடிச்சுக்கிட்டு கீழ போனது எங்க ஆளு. நீங்க என்ன செஞ்சிய? கரையில கொடை புடிச்சுக்கிட்டு நின்னிய.”

“கொடையும் நான் புடிக்கல தாயே. அதையும் உங்க ஆளுதான் புடிச்சாவ.”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் வீசிய கல்லை அவர் பூவாக்கிப் பிடித்துவிட்டார். அடுத்து கொர்னேல் எழுந்து, துரை வந்திராவிட்டால் இந்தப் பாறையில் மோதி எத்தனை தோணி சிதறியிருக்கும் என்று அடுக்கிக்கொண்டே போனார். துரை தலையை ஆட்டி, “அப்படிச் சொல்லுங்க மச்சான்” என்றார்.

மச்சான். அந்த வார்த்தைக்குத்தான் அன்றைக்கு அதிகமான கைதட்டல். பிரகாசி பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். இதற்காகத்தான் இவ்வளவும்.

“ஒரே கேள்வி. படகுல கயிறு புடிச்சுக்கிட்டு இருந்த மச்சான்மார இறக்கிவிட்டது யாரு?”

துரை தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான்தான் தாயே” என்றார். “அவிய மொத சுண்டுலயே இழுத்துருவாவ, கல்லு நேரா உக்காராது. அதனால இறக்கிட்டேன். வெளியாள ஏத்துனேன். கீழ இருந்து சுண்டுனது எனக்கும் தெரிஞ்சுது. கயிறு ஆடுனத நான் பாத்தேன். அப்புறம் உங்க ஆளு மேலேயே பழியப் போட்டு எழுதிட்டேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்க முன்னால நிக்கேன்னு எனக்கே தெரியல. என்ன மன்னிச்சிருங்க மக்கா.”

அவர் குரல் உடைந்தது. எதிர்பார்த்து எதிர்பார்த்துக் காத்திருந்த வார்த்தை வந்தேவிட்டது. பிரகாசி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். கூட்டம் அழுதுகொண்டிருந்தது. துரைக்காக அழுதுகொண்டிருந்தது.

“போதும் துரை, அழாதிய” என்று கொர்னேல் எழுந்தார். அவர் கன்னமும் நனைந்திருந்தது. “இவ்வளவு பெரிய மனுசன் நம்ம பாஷையில நம்மகிட்ட மன்னிப்புக் கேக்காரு. நாங்க மன்னிச்சிட்டோம்.” தன் கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றி அந்த வெளிச்சத்தின் காலடியில் வைத்தார். பின்னால் இருந்து இன்னும் மாலைகள் வந்தன. எவ்வளவு உத்தமனடா, செத்த பிறகும் வந்து ஒத்துக்கொண்டான் பார் என்று பேச்சு ஓடியது. தொம்மையின் பெயர் ஒருவர் வாயிலும் வரவில்லை. தப்புச் செய்தவனை மன்னித்த பெருமையில், தப்பே செய்யாதவனை மறந்தே போனார்கள்.

லாசர் மேடையோரம் வந்து அவள் கையைத் தொட்டான். “அக்கா, ஒத்துக்கிட்டான்லா. நமக்கு அது போதும்லா?”

“மாலையப் பாருல” என்றாள் அவள். “நம்ம அப்பாவுக்கு எவனாவது ஒரு மாலை போட்டானா?”

நடுவர் தொண்டையைக் கனைத்தார். ஒத்துக்கொண்டவனைத் தண்டிப்பது நம் பண்பாடா என்று அவர் ஆரம்பித்த தினுசிலேயே தீர்ப்பு எங்கே போகிறது என்று விளங்கிவிட்டது. பிரகாசி மேடைக்குப் பின்னால் ஓடினாள். அங்கே கருவிகளுக்கு நடுவில் மைமூன் உட்கார்ந்திருந்தாள்.

“என்னடி நடக்குது? இவன் ஏன் அழறான்?”

மைமூன் மெதுவாகச் சொன்னாள். “செஞ்சத ஒத்துக்கிட்டது அவன். அழுதது அவன் இல்ல. உங்க வாப்பா பேச்சுல செத்தவங்களப் பத்திப் பேசுனா, கலங்காம பேச முடியாது புள்ள. ஒவ்வொருத்தரையும் முறை வச்சுக் கூப்பிட்டுக்கிட்டு, கல்லு மாதிரி எப்படி நிக்க முடியும்? அந்த மனசு நீ குடுத்தது.”

“அப்ப அத எடுத்திரு” என்றாள் பிரகாசி.

“நடுவுலயா?”

“மொழி என் இஷ்டம்னு நீதானே சொன்ன?”

அவள் மேடைக்கு வந்து நடுவரிடம் கைகூப்பிக் கேட்டாள். “ஐயா, தீர்ப்புக்கு முன்னால இதே கேள்விய அவர் சொந்த மொழியில ஒரு தடவ கேட்டிருங்க. நீங்களே கேளுங்க.” நடுவர் ஆங்கிலப் பேராசிரியர், மாட்டேன் என்பாரா? உற்சாகமாகவே திரும்பினார். பிரகாசி மைமூனுக்குத் தலையசைத்தாள்.

துரையின் முதுகு நிமிர்ந்தது. தொப்பி தலைக்கு ஏறியது. வேறு மாற்றம் ஒன்றும் இல்லை. நடுவர் அழகான இங்கிலீஷில் கேட்க, துரை சொன்ன பதில் இது. அந்தக் கரையில் இங்கிலீஷ் தெரிந்த பிள்ளைகளும் நிறைய இருந்தார்கள். தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

“ஆம், நான்தான் மாற்றினேன். இந்த மக்கள் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் பாசம் வேலைக்கு இடைஞ்சல். மனைவியின் சகோதரனாம், முதல் இழுப்பிலேயே தூக்கிவிடுவான். கல் அமர நேரம் வேண்டும். எனவே அந்நியர்களைப் போட்டேன். கல் அமர்ந்தது.”

“மனிதர்கள் இறந்தார்களே?”

“ஆள் கிடைப்பது சிரமமாக இல்லை.”

“உறவினர்மேல் ஏன் பழி போட்டீர்கள்?”

“மேலிடம் விளக்கம் கேட்டது. அவர்களிடம் போய் யாரும் விசாரிக்கப் போவதில்லை.”

நடுவர் கடைசியாகக் கேட்டார். “வருத்தம் உண்டா?”

துரை அவரைப் புரியாமல் பார்த்தார். “எதற்கு? விளக்கு நிற்கிறதல்லவா?”

ஒரு கிழவி எழுந்து மேடையருகே வந்து, தான் வைத்த மாலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். தாணுமாலயன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஜோக் இல்லாமல் ஒரு பட்டிமன்றத்தை முடித்தார். “தீர்ப்ப நான் சொல்ல வேண்டியதில்ல. போன எடுங்க” என்றார்.

இறக்கி வைக்கத் தெரியாத ஊர் அன்றைக்கு இறக்கியது. இறக்கிய வேகத்தையும் சொல்ல வேண்டும். மறுநாளே சிலை போயிற்று, ஆட்டோ ஸ்டாண்டுப் பலகை போயிற்று, அந்தக் கல்வெட்டைக் கொர்னேலே உளியெடுத்துக் கொத்தினார். துரை பெயரில் இருந்த விளக்குக்கு இப்போது குளியாட்கள் விளக்கு என்று பெயர். கொர்னேல் வெற்றிலை பாக்கோடு பிரகாசி வீட்டுக்கு வந்து, அப்பா படத்துக்கு முன்னால் போய் நின்றார். “தப்பாப் பேசிட்டேன். ஏழு தலைமுறையாப் பேசிட்டோம்” என்றார். லாசருக்கும் ஸ்டெல்லாவுக்கும் மாதா கோயிலில் கல்யாணம் நடந்தது. ஊர் முழுக்க வந்து சாப்பிட்டது. கேட்டது கிடைத்துவிட்டது. பிரகாசி அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

விவாதம் முடிந்தால் மீளுருவை அணைத்துவிட வேண்டும். செய்தவர் கேட்டால் காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம், அணைப்பதும் அவர் கைரேகை வைத்தால்தான். பிரகாசி கேட்டாள். விளக்கின் அடித்தளத்து அறையில், கல்வெட்டு இருந்த சுவருக்கு எதிரே துரையை நிற்க வைத்தாள். வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து, அந்த அறையின் பொறுப்பையும் தானே எடுத்துக்கொண்டாள். கருவியைப் பூட்ட வந்த மைமூன் கேட்டாள்.

“எந்த மொழி?”

“தமிழ்.”

“இங்கிலீஷ்ல விடு புள்ள. அதுதான் அவன்.”

“இங்கிலீஷ்ல விட்டா அவனுக்கு உறைக்காதே. எவன் என்ன ஏசுனாலும் ‘எதற்கு’ன்னு நிப்பான். தமிழ்லதான் வலிக்கும்.”

“வலிக்கிறது அவனுக்கு இல்ல, பிரகாசி.”

“எனக்கு அது போதும்” என்றாள் பிரகாசி. மைமூன் அதற்குப் பிறகு அந்த ஊருக்கு வரவில்லை.

சனம் வந்தது. திருவிழாக் கூட்டம் மாதிரி வந்தது. முன்பெல்லாம் விளக்கைப் பார்க்க வந்தவர்கள் இப்போது துரையைப் பார்க்க வந்தார்கள். மச்சான்மாரை இறக்கியது யார் என்று ஒவ்வொரு கூட்டமும் கேட்கும். “நான்தான் மக்கா” என்று அவர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் சொல்லுவார், உடைந்து அழுவார், மன்னிப்புக் கேட்பார். மன்னிக்க யாருக்கும் இப்போது மனசில்லை. காறித் துப்பினார்கள். செருப்பு வெளிச்சத்துக்குள் நுழைந்து சுவரில் அடித்து விழுந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்து ஏசச் சொல்லிக் கொடுத்தார்கள். தன்னிடம் சொல்லப்பட்ட எதையும் மீளுரு மறக்காது. ஒவ்வொரு ஏச்சும் அடுத்த அழுகைக்குள் போய்ச் சேர்ந்தது. பிரகாசி மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். முதலில் அவளுக்கு அது விருந்துச் சாப்பாடு மாதிரி இருந்தது. அப்புறம் பழகிப் போயிற்று. பழகிய பிறகும் விட முடியவில்லை. லாசர் அந்த அறைப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை.

அடுத்த கச்சான் பருவத்தில் ஒரு காலை, கூட்டம் வருவதற்கு முன்னால் கொர்னேல் வந்தார். சம்பந்தி முறையில் மீன் கொடுத்துவிட்டுப் போக வந்தவர். பையைக் கையில் வைத்துக்கொண்டு அறை வாசலில் நின்றார். உள்ளே துரை பிரகாசியோடு பேசிக்கொண்டிருந்தார்.

“தாயே, சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்டேன். என்ன நிறுத்திரு.”

“இன்னும் ஆளு வருது.”

“முடியல தாயே. மூச்சு முட்டுது. நேத்தும் கேட்டேன், அதுக்கு மொத நாளும் கேட்டேன்.”

“கேட்டிய. எனக்குக் கேட்டுச்சு” என்றாள் பிரகாசி. நாற்காலியைத் துடைத்துச் சுவரோரம் இழுத்துப் போட்டாள்.

கொர்னேல் உள்ளே வந்தார். அழுதுகொண்டிருந்த உருவத்தைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்தார்.

“எத்தன நாளா இப்படிக் கேக்கான்?”

“அது இருக்கும் மாமா, ரொம்ப நாளா.”

“மேல எடுத்து விடு புள்ள.”

“இவன் எடுத்து விட்டானா?”

“இவன் விடல. உங்க தொம்மை தாத்தா நின்னிருந்தா, மொத சுண்டுலயே எடுத்திருப்பாரு.”

கொர்னேல் மீன் பையைப் பிரகாசியிடம் நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, அவளைக் கடந்து வெளியே போனார். எந்த வீட்டைப் பற்றி ஏழு தலைமுறையாகத் தப்பாகச் சொன்னார்களோ, அந்த வீட்டைப் பற்றி இனி அவர் வெளியே என்ன சொல்லுவார் என்று அவளுக்குத் தெரியவில்லை. சொன்னால் அது பொய்யாக இருக்காது என்று மட்டும் தெரிந்தது.

பின்னால் துரை மறுபடியும், “தாயே” என்றார்.

வெளியே முதல் படகு வந்து பாறையில் அணைந்தது. ஆட்கள் சளசளவென்று பேசிக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். பிரகாசி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய், கதவை அகலத் திறந்து வைத்தாள்.